உன் பழைய சட்டைகளை அனுப்பி வை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் குவில்ட் தைக்கும் குழுவில் சேர்ந்ததை அம்மா சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டேதான். அங்கே ஆண்பிள்ளை நான் ஒருவன்தான்.

குவில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் போர்த்திக்கொள்ள அது போதும். நாங்கள் மாய்ந்து மாய்ந்து கற்பதெல்லாம் மேலே வரும் அலங்காரத்தைத்தான்.

இப்போது அப்ளிக் நடக்கிறது. பூவும் இலையுமாகத் துணியை வெட்டி மேல்துணியில் பதித்துத் தைப்பது. சுற்றிலும் அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி, அதை ஊசிமுனையாலேயே உள்ளே மடக்கி, மடிப்பின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் குத்தி எடுக்க வேண்டும். நூல் பூவின் நிறத்தில் இருந்தால் தையல் கண்ணுக்கே தெரியாது. உட்குழிந்த வளைவில் சின்னச் சின்னதாகக் கத்தரித்துவிட்டால்தான் துணி மடங்கும். உயிரை வாங்குவது இலை நுனி. மடித்ததெல்லாம் அங்கே வந்து குவிந்துகொள்கிறது. கொடித்தண்டுக்கு மட்டும் துணியைக் கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டிவிட்டால் சொன்ன பக்கமெல்லாம் வளைகிறது.

என் மனம் போனது ட்ரபுன்டோவில். வடிவத்தைச் சுற்றித் தைத்துவிட்டு, பின்பக்கத் துணியின் இழைகளை விலக்கி, அங்கே மட்டும் கூடுதலாகப் பஞ்சைத் திணிப்பது. திராட்சைக் குலை தைத்தால் ஒவ்வொரு பழமும் புடைத்து நிற்கும். சிசிலியில் 14ஆம் நூற்றாண்டில் இப்படித் தைத்த, ட்ரிஸ்டன் என்ற வீரனின் கதையைச் சொல்லும் ட்ரிஸ்டன் குவில்ட் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வண்ணத் துணி ஒன்றுகூட ஒட்டாமல், லினனில் பஞ்சடைத்தே வீரர்களையும் கப்பல்களையும் எழுப்பியிருக்கிறார்கள். என்றைக்காவது அந்தப் பக்கம் போனால் எனக்காகப் பார்த்துவிட்டு வா.

கையா மெஷினா என்று குழுவில் ஓயாத சண்டை. மெஷின்காரர்கள் துணியைத் தள்ளும் அடிப்பல்லை இறக்கிவிட்டுத் துணியை இஷ்டத்துக்கு நகர்த்தித் தைக்கிறார்கள். வேகம்தான், அழகும்தான். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. குட்டை ஊசியும் விரலுறையும் போதும்.

உனக்கு ஒன்று தைக்கப் போகிறேன். போடாத பருத்திச் சட்டைகளை அனுப்பு. பலமுறை துவைத்ததாக இருந்தால் நல்லது. இனிச் சுருங்காது, சாயமும் போகாது. பனியன் துணி வேண்டாம், இழுபடும். ஜீன்ஸில் என் ஊசி இறங்காது. கட்டிலின் நீள அகலத்தையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா