எட்டு டேபிள் வேண்டாம், தம்பி

மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கால்வலி பரவாயில்லை. பங்குனித் திருவிழாவுக்குப் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். கொல்லைத் தென்னை இரண்டிலும் காய்ப்பு குறைந்துவிட்டது, அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். போனில் பேச்சுவாக்கில், "ஆன்லைன் போக்கரில் ஒரே நேரத்தில் நாலு டேபிள் ஆடுவது போதவில்லை அம்மா, எட்டாக்கலாம் என்று பார்க்கிறேன்" என்றாய். அதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

அக்கா எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்காதே.

லீட்ஸுக்கு நாங்கள் வந்திருந்தபோது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாயே, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையின் நாலு மூலையிலும் நாலு டேபிள். உன் முறை வந்த டேபிளின் ஓரம் மஞ்சளாக மின்னும், டிங் என்று சத்தம் கேட்கும், நேரம் கோடு கோடாகக் குறையும். முக்கால்வாசி தடவை சீட்டைப் பார்த்ததுமே நீ கீழே போட்டாய். "இது பொறுமை அம்மா, அதிர்ஷ்டம் இல்லை" என்றாய். எதிரில் ஆடுகிறவர் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் குட்டி குட்டியாக எண்கள். ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை; அவர் நூற்றுக்கு எத்தனை கையில் இறங்குகிறார், எத்தனை முறை பணத்தை ஏற்றுகிறார் என்று விளக்கினாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கணக்கில் நீ என்றைக்குமே சோடை போனதில்லை.

அன்றைக்கு நீ சொன்ன அதே கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு டேபிளில் மணிக்கு 70 கை என்று வைத்துக்கொள். கவனமாக ஆடினால் 100 கைக்கு 4 பிக் பிளைண்ட் நிற்கும் என்றாய் (பிக் பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்குமுன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கவேண்டிய பந்தயம், அதையே அளவாக வைத்துக் கணக்குப் போடுவார்கள் என்றாய்). அப்படியானால் மணிக்கு 2.8. நாலு டேபிளில் 280 கை. கவனம் சிதறி 100 கைக்கு 2 என்று இறங்கினாலும் மணிக்கு 5.6 வருகிறது. இதுவரை உன் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எட்டு டேபிளில் 560 கை. அங்கே 100 கைக்கு அரை பிளைண்டுதான் நிற்கும் என்றால் மறுபடி 2.8, ஒரே டேபிளில் உட்கார்ந்து ஆடியதற்குச் சமம். அதுவும் நிற்காமல் 100 கைக்கு ஒன்று போக ஆரம்பித்தால் மணிக்கு 5.6 கையைவிட்டுப் போகும். நீ ஆடும் டேபிளில் பிக் பிளைண்ட் ஒரு பவுண்டு. உங்கள் ஊரில் 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.21 பவுண்டு. நன்றாக ஆடினால்கூடக் கடையில் பில் போடுகிறவர் வாங்குவதில் பாதி வரவில்லை. இதற்காகவா ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய்? நீ ஜெயித்தாலும் தோற்றாலும் டேபிளில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும் தளத்துக்காரனுக்கு மட்டும் எட்டு டேபிளும் லாபம்.

நீதான் ராண்டி லூ என்பவரைப் பற்றிச் சொன்னாய். 2012 ஜனவரியில் பஹாமாஸில் உட்கார்ந்து 8 மணி நேரத்தில் 23,493 கை ஆடிக் கின்னஸ் சாதனை செய்தார் என்றாய். ஒரு கைக்கு ஒன்றேகால் வினாடிகூட இல்லை. அன்றைக்கு அவர் சம்பாதித்தது எவ்வளவு? 7 டாலர் 65 சென்ட். பல டேபிள் ஆடுவதில் பேர் எடுத்தவருக்கே அவ்வளவுதான் நின்றது.

கேஷ் கவுண்டரில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், கேள். ஒரு நோட்டுக்கட்டை எண்ணும்போது இன்னொருவர் செல்லானை நீட்டினால் நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். கூட்டம் திட்டும், திட்டட்டும். சாயங்காலம் ஷார்ட்டேஜ் வந்தால் கைக்காசுதான் போடவேண்டும். வேகமாக எண்ணிப் பேர் வாங்கியவர்கள்தான் அப்படி அதிகம் போட்டார்கள்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. அன்றைக்கு ஒரு டேபிளில் பெரிய தொகை போனது. உன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, ஏனென்றால் அதே நேரம் அடுத்த டேபிள் மின்னியது. போனதை நினைக்க நேரமே இல்லை உனக்கு. எட்டு டேபிள் என்றால் இடைவெளியே இருக்காது. எட்டு கேட்பது சம்பாதிக்கவா, நினைக்காமல் இருக்கவா? எனக்குப் பதில் சொல்லவேண்டாம், நீயே யோசி. உங்கள் நாட்டில் ஆன்லைன் ஸ்லாட் மெஷின் சூதாட்டத்தை ஒரே நேரத்தில் பல திரையில் ஆடவைக்கும் வசதியை 2021இலேயே நிறுத்திவிட்டார்கள். காரணம் இல்லாமலா நிறுத்துவார்கள்? போக்கருக்கு அந்தத் தடை இல்லை, அதனால் நீதான் நிறுத்தவேண்டும்.

மதுரை மாமா கதை உனக்குத் தெரியும். திரும்ப எழுதமாட்டேன்.

இங்கே ரம்மியில் பணம் விட்டவர்கள் சேதி பேப்பரில் வரும்போதெல்லாம் அப்பா அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுவார். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நாடு முழுக்கவே தடை செய்து சட்டம் வந்தது. "நல்லவேளை, நம் பிள்ளைக்கு இதெல்லாம் இல்லை" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் எத்தனை நாள் அப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

உன்னை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. சரி, விடத்தான் சொல்கிறேன், ஆனால் என் பேச்சைக் கேட்டு நீ விடமாட்டாய் என்று தெரியும். அதனால் ஒரு டேபிள் மட்டும் ஆடு. வரவு செலவை நோட்டில் எழுது, மாதக் கடைசியில் கூட்டிப் பார். மைனஸ் வந்தால் அங்கே கேம்ஸ்டாப் என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் பேரைப் பதிந்துவிடு. 6 மாதமோ, 1 வருஷமோ, 5 வருஷமோ, அங்கே லைசென்ஸ் வாங்கிய எந்தத் தளத்திலும் உள்ளே விடமாட்டார்களாம். கெட்டிக்காரனுக்கு அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எட்டு மட்டும் வேண்டாம். அந்த இரண்டாவது மானிட்டரையும் திருப்பிக் கொடுத்துவிடு.

என் பேரில் இருக்கும் எஃப்டி ஒன்று அடுத்த மாதம் முதிர்கிறது. யாருக்காவது கொடுக்கவேண்டியது இருந்தால் எவ்வளவு, யாருக்கு என்று மட்டும் எழுது. நேராக அவர்களுக்கே அனுப்பிவிடுகிறேன். மாப்பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியதையும் சேர்த்தே எழுது. அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா