இந்தத் தெருவின் மூப்பருக்கு

அன்பான கிளைச் சபையாருக்கும், எங்கள் தெருவில் குடியிருக்கும் அனைவருக்கும்,

மார்மன்கள் என்று பலரும் அழைக்கும் சபைக்காக வீடு வீடாகப் போகும் ஊழியக்காரன் நான். எங்களை வேறு பகுதிகளுக்கு மாற்றும் பட்டியல் சனிக்கிழமை இரவு வந்தது. என் பெயர் அதில் இல்லை. இன்னும் ஆறு வாரங்கள் நான் இங்கேதான். மூன்று வாரங்களுக்கு முன்பு இப்படி ஒரு செய்தி வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அந்த நாட்களை மறுபடி இங்கே எழுதப் போவதில்லை. ஊழியத்தை விட்டு ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டினேன், பிறகு அவிழ்த்துவிட்டேன், அது போதும். இன்று திங்கட்கிழமை, ஊழியக்காரர்களுக்குத் துணி துவைக்கவும் கடிதம் எழுதவும் ஒதுக்கிய நாள். துணிகள் காய்கின்றன. மனம் மறுபடி இறுகிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் பலருக்கு மொத்தமாக நன்றி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நள்ளிரவில் தொலைபேசியை எடுத்த, ஊழியக்காரர்களுக்குப் பொறுப்பான மிஷன் தலைவருக்கும் அவர் துணைவியாருக்கும். ஒரு கேள்வியும் கேட்காமல் மாறி மாறி வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போன, எங்கள் சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்துச் சகோதரிகளுக்கு. மருத்துவரிடம் அழைத்துப் போய், வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்த சகோதரருக்கு. கழன்ற சைக்கிள் சங்கிலியைக் கை கறுக்க மாட்டிக் கொடுத்த சிறுவனுக்கு. இரவெல்லாம் மாடியில் நான் நடந்துகொண்டிருந்ததைக் கேட்டும் குறை சொல்லாத கீழ்வீட்டாருக்கு.

என்னோடு சேர்ந்து ஊழியம் செய்யும் என் ஜோடிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் எப்போதும் ஒருவர் கண்ணிலும் காதிலும் மற்றவர் இருக்க வேண்டும் என்பது விதி. வந்த புதிதில் அது எனக்கு மூச்சு முட்டியது. பத்தரை மணிக்கு விளக்கை அணைத்த பிறகும் அவர் அந்த வாரம் முழுவதும் தூங்காமல் படுத்திருந்தார். என்னைத் தேற்றுவதற்காகச் சாமுவேல் ஸ்மித்தின் கதையைச் சொன்னார். 1830இல் எங்கள் வேதநூலான மார்மன் புஸ்தகம் அச்சாகிச் சில மாதங்களிலேயே, பிரதிகளைப் பையில் அடைத்துக்கொண்டு கிளம்பிய எங்கள் முதல் ஊழியக்காரர் அவர். முதல் நாள் யாரும் வாங்கவில்லை, விடுதிக்காரர் விரட்டிவிட்டார், ஆப்பிள் மரத்தடியில் படுத்துத் தூங்கினார். சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த கதைதான். அன்று அதைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவருக்காவது மரத்தடியில் தனியாகப் படுக்கக் கொடுத்து வைத்திருந்ததே என்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள், ஜோடி. கதை உதவவில்லை, நீங்கள் விழித்திருந்தது உதவியது.

இனி, பச்சைக் கதவு வீட்டுப் பெரியவருக்கு. ஐயா, உங்களுக்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். சபையாருக்கு இது வியப்பாக இருக்கலாம். நீங்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். இரண்டு முறை கதவைத் தட்டினோம், இரண்டு முறையும் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிச் சாத்தினீர்கள்.

எங்கள் சட்டையில் இருக்கும் கறுப்புப் பட்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கீழே சபையின் பெயர், மேலே என் பெயர். அது என் பெயருமில்லை. ஆண் ஊழியக்காரர்களை அழைக்கும் 'மூப்பர்' என்ற சொல்லும், அதன் பின்னால் தந்தை வழியில் வந்த பெயரும்தான் அதில் இருக்கின்றன. இருபத்து நான்கு மாதங்களும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆண்கள் 18 வயதிலேயே ஊழியத்துக்குப் போகலாம் என்று 2012 அக்டோபரில் ஆனது. அதற்கு முன்பு 19. ஆக, மீசை ஒழுங்காக முளைப்பதற்குள் மூப்பராகிவிடுகிறோம். பயிற்சி மையத்தில் அந்த அழைப்பு பெருமையாக இருந்தது. முந்தைய பகுதியில் பழகிப்போயிருந்தது. இங்கே வந்த பிறகு, ஒரு திருப்பம்கூடத் தெரியாத இந்தத் தெருக்களில், யார் கூப்பிட்டாலும் என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றத் தொடங்கியது. அவர் வரவில்லை, நான்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் போல இருக்கும்.

(நீங்கள் 'மார்மன் பையன்கள்' என்றதையும் நான் திருத்தவில்லை. சபையை முழுப்பெயரால் அழைக்கும்படி அப்போது எங்கள் சபைத் தலைவராக இருந்த ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். ஆனால் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று வாசலில் நின்று சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கதவுகள் சாத்தப்பட்டுவிடும்.)

என் சொந்தப் பெயர் என் காதில் விழுவது வாரத்தில் ஒரு நாள், அம்மாவின் குரலில் மட்டும். அதுவும் 2019 பிப்ரவரியிலிருந்து கிடைத்த சலுகை. அதற்கு முன்பு ஊழியம் செய்தவர்கள் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் வீட்டாரோடு பேசினார்களாம். எப்படித் தாங்கினார்களோ. கையில் இருந்த அந்த ஒரு நாளையும் நான் இரண்டு வாரங்கள் தவறவிட்டேன். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம்.

அந்த வியாழக்கிழமை நீங்கள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் பேசாமல் கடந்து போகத்தான் பார்த்தோம். நீங்களே கூப்பிட்டீர்கள். பட்டையைப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடினீர்கள், அது உங்கள் தலைமேலேயே இருந்தது.

"மூப்பரா? உனக்கு என்ன வயது?"

"பத்தொன்பது, ஐயா."

"எனக்கு எண்பத்திரண்டு. இந்தத் தெருவுக்கு மூப்பர் நான்தான், பட்டையை என்னிடம் கொடுத்துவிடு" என்று சிரித்தீர்கள். பிறகு, "வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள், தம்பி?"

எனக்கு வாய் வரவில்லை. என் ஜோடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் அவசரப்படவில்லை. போய்க் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையை வேட்டியிலோ துண்டிலோ எதிலோ துடைத்துக்கொண்டு திரும்பி வந்து நின்றீர்கள். சொன்னேன். நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள். நீட்ட வேண்டிய எழுத்தைக் குறுக்கிவிட்டீர்கள். திருத்தினேன். மறுபடி சொல்லிப் பார்த்து, "இப்போது சரியா?" என்று கேட்டீர்கள். சரியாக இருந்தது.

"உங்கள் புத்தகம் எனக்கு வேண்டாம். ஆனால் நாளைக்கும் இந்தப் பக்கமாகப் போ" என்றீர்கள்.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. ஒருவர் நாளை வா என்று சொல்லிவிட்டாரே என்று ஒரு நாள் தள்ளிப்போட்டேன். அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை. தரிசனம் கிடைக்கவில்லை, முழங்காலில் நின்று கேட்டவற்றுக்கு அன்று பதிலும் வரவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, நோன்பிருந்து சாட்சி சொல்லும் கூட்டத்தில் இதைச் சொல்லியிருந்தால் சப்பென்று இருந்திருக்கும். சொல்லவுமில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அந்த வழியாகப் போனோம். நீங்கள் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அதற்கடுத்த நாளும். மழை பெய்த நாளில் ஜன்னல் வழியாக. அந்தத் திங்கட்கிழமை அம்மாவிடம் பேசினேன்.

ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தட்டுகிற கதவிலெல்லாம் பெயர் கேட்பது எங்கள் வேலை. கேட்டு, செயலியில் பதிந்து வைக்கிறோம். இந்தப் பகுதியில் மட்டும் எத்தனை பெயர்களைப் பதிந்திருப்பேன்! அவற்றில் எத்தனை பேரை அந்தப் பெயரால் இரண்டாவது முறை கூப்பிட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். விரல்கள் மிஞ்சின.

ஊழியக்காரர்கள் தங்களுக்குள் சொந்தப் பெயரால் அழைத்துக்கொள்வதில்லை. அந்த விதியை மீறப்போவதில்லை. ஆனால் இனி எந்தப் பகுதிக்குப் போனாலும், யார் எனக்கு ஜோடியாக வந்தாலும், முதல் இரவே ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்வேன். நேற்றிரவு இவரிடம் கேட்டேன். ஆறு வாரங்கள் ஒரே அறையில் படுத்திருக்கிறோம், நேற்றுதான் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

ஐயா, நாளை காலை பத்து மணிக்கு வருகிறோம். அவர் பெயரையும் உங்களிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். முதல் எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமாம். செடிகளுக்கு நாங்கள் தண்ணீர் விடுகிறோம். புத்தகம் கொண்டுவர மாட்டோம்.

அன்புடன்,
இந்தத் தெருவின் இளைய மூப்பர்