படிவத்தில் அந்தக் கேள்வி

பாப்பா,

இகத்புரியில் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கு விண்ணப்பம் போடப்போகிறேன் என்று நீ சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் படிவத்தில் மாத்திரை விஷயத்தை எழுதினால் இடம் தரமாட்டார்கள், அதை எழுதாமல் விட்டுவிடப்போகிறேன் என்றாயே, அது ராத்திரி முழுக்க மண்டையைக் குடைந்தது. போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எல்லாவற்றையும் எழுது. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து, போன வருஷம் ஆபீஸில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனது உட்பட.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். இரவு 9 மணிக்குள் ஏறக்குறைய பத்து மணி நேரம் தியானத்தில் உட்கார்ந்திருப்பாய். பேச்சு கிடையாது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள், புத்தகம் பேனாகூடக் கூடாது. 11 மணிக்குச் சாப்பாடு. சாயங்காலம் 5 மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் டீயும், என்னைப் போன்ற பழையவர்களுக்கு வெறும் எலுமிச்சைத் தண்ணீர். முதலில் மூக்கருகே மூச்சைக் கவனிக்கும் ஆனாபானா. நாலாம் நாள் விபாசனா தொடங்கியதும், ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்காரும் அதிட்டானம் வரும். முட்டி வலியைச் சமாளிக்கலாம், முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டு. வேலையும் போனும் அரட்டையும் இவ்வளவு நாள் அமுக்கி வைத்திருந்தது மேலே வரும்போதுதான் பாடு. நல்ல திடமானவர்களே இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பெட்டியைக் கட்டப் பார்ப்பார்கள்.

நான் சமையலறைச் சேவைக்குப் போயிருந்த ஒரு முகாமில் உன் வயசுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். தட்டு கழுவும் இடத்தில், கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். நுரையெல்லாம் போய் வெகுநேரம் ஆகியும் விரல் தேய்த்துக்கொண்டே இருந்தது. சேவகி பக்கத்தில் போய்க் கேட்டதும், வந்ததிலிருந்து தூக்கமே இல்லை என்றாள். தினமும் போடும் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். படிவத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்ததால் ஆசிரியருக்கும் தெரியவில்லை. அவள் அண்ணனை வரவழைத்து அனுப்பிவைத்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது டாக்டர். எங்களால் கொடுக்க முடிந்தது சுடுதண்ணீரும் ஒரு போர்வையும்.

இதை அவர்களே விதிமுறையில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்: விபாசனா மனநல சிகிச்சைக்கு மாற்று இல்லை. படித்துப் பார். டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாம் என்ற யோசனையும் இருந்தால், அதையும் இப்போதே விட்டுவிடு.

இடம் இல்லை என்று சொல்லிவிட்டால் அவமானமாக நினைக்காதே. இந்த முகாம்களை இங்கே தொடங்கிய கோயங்காவுக்கே முதலில் அதுதான் நடந்தது. மார்பின் ஊசி போடும் அளவுக்கு ஒற்றைத் தலைவலி அவருக்கு. பர்மாவில் கணக்குத்துறைத் தலைவராக இருந்துகொண்டே தியானம் சொல்லிக்கொடுத்த ஊ பா கினிடம் போனார். தலைவலியைப் போக்கத்தான் வருகிறாய் என்றால் வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். மனசைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வருகிறேன் என்ற பிறகு, 1955-இல்தான் முதல் முகாம். அதே மனிதர்தான் 1969-இல் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

என்னைக் கேட்டால், இப்போது உனக்கு மௌனத்தைவிட மனிதர்கள்தான் தேவை. பூனாவில் தனி அறையில் கிடக்கிறவளுக்கு இன்னும் பத்து நாள் மௌனம் எதற்கு? 1956-இல் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியதிலிருந்து மகாராஷ்டிரத்தில் எத்தனையோ பேட்டைகளில் விகாரை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்குப் போய்ப் பார். திரிசரணமும் பஞ்சசீலமும் (மூன்று சரணமும் ஐந்து ஒழுக்க உறுதிமொழியும்தான்) பாலி மொழியில் சொல்வார்கள், பிள்ளைகள் ஓடித் திரியும், பக்கத்தில் உட்காருகிற பாட்டி எந்த ஊர் என்று விசாரிப்பாள். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் வழியில் நடந்துகொண்டே தியானம் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் கண்ணை மூட வேண்டியதில்லை, வேண்டாமென்றால் நின்றுவிடலாம்.

இகத்புரி எங்கும் போய்விடாது. டாக்டர் சரி என்று சொல்லி, அவர்களும் எல்லாம் தெரிந்து இடம் கொடுத்தால், தாராளமாகப் போ. நானே வந்து ஸ்டேஷனில் விடுகிறேன். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கப்போகிறாய் அல்லவா, விதிமுறையைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோ. அப்புறம், படிவத்தை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டு.

அம்மா