குறிப்பேட்டை வாசித்துக் காட்டியவருக்கும், உடன் நின்ற அனைவருக்கும்

மாநிலத் தோட்டக் கழகத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், மாவட்ட இயக்குநர்களுக்கும், கிளைக் கழக உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை தாக்கல் செய்யாததால் அமெரிக்க வரித்துறையில் நாம் இழந்திருந்த வரிவிலக்கு மீண்டும் வழங்கப்பட்டது என்றும், அது நீக்கப்பட்ட நாளிலிருந்தே செல்லும் என்றும் தெரிவிக்கும் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நாம் பட்ட பாட்டை இங்கே விவரிக்கத் தேவையில்லை. மாவட்டக் கூட்டங்களில் கேள்வி கேட்ட நீங்களும், பதில் கையில் இல்லாமல் நின்ற நாங்களும் அதை நன்றாகவே அறிவோம். யாரால் வந்தது என்ற பேச்சையும் நான் எடுக்கப்போவதில்லை. உதவியவர்களுக்கு நன்றி சொல்வதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன். அவர்களில் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது சற்று நீளமானது.

அவர் பல ஆண்டுகளுக்கு முன் நமது பதிவுச் செயலாளராக இருந்தவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மூத்த உறுப்பினர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். கழகத்தின் பழைய கூட்டக் குறிப்புகளின் தட்டச்சுப் பிரதிகள் இல்லாமற்போன செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, கூட்டங்களில் அமர்ந்தபடியே தாம் எடுத்த சுருக்கெழுத்துக் குறிப்பேடுகள் இன்னும் வீட்டில் இருப்பதாகவும், அவை பயன்படுமா என்றும் கேட்டார். பயன்படுமா என்ற அந்தத் தயக்கத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த வாரம் நாங்கள் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். துணை விதிகள் எந்தக் கூட்டத்தில் திருத்தப்பட்டன, கல்வி உதவி நிதி எந்த நிபந்தனையுடன் ஏற்கப்பட்டது, ஆண்டுக் கணக்கைக் குழு ஏற்றுக்கொண்டதற்கு என்ன சான்று என்று, வரிவிலக்கை மீட்கும் விண்ணப்பத்துக்காகக் கணக்காளர் வரிசையாகக் கேட்டவற்றுக்கு எங்களிடம் இருந்தவை நினைவுகள் மட்டுமே.

குறிப்பேடுகள் கிடைத்தாலும், எழுதியவரைத் தவிர அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் குழுவில் ஒருவரும் இல்லை. அவருக்கோ பார்வை மங்கிவிட்டது. ஆகவே மாலை வேளைகளில் அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பக்கத்தின் மேல் நகர்த்தி நகர்த்தித் தொலைபேசியில் வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், தீர்மானத்தின் வாசகம், நிறைவேறியதா இல்லையா என்ற வரிசையை அவர் ஒருமுறைகூட மாற்றவில்லை. ஒரு கூட்டத்தில் காரசாரமான விவாதம் நடந்ததுபோல் தோன்றியதால், யார் என்ன சொன்னார்கள் என்று ஆர்வத்தில் கேட்டுவிட்டேன். "பேசியது நமக்கு வேண்டாம், முடிவு செய்தது போதும்" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டார். கூட்டக் குறிப்பு என்பது செய்ததைப் பதிவதற்கே அன்றிச் சொன்னதைப் பதிவதற்கன்று என்று கூட்ட நடைமுறை நூல்கள் சொல்வதை நானும் படித்திருக்கிறேன். அதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விட்டுக்கொடுக்காத ஒருவரை அன்றுதான் கண்டேன்.

ஆனால் அவரும் ஓரிடத்தில் விதியை மீறியிருந்தார். ஒவ்வொரு கூட்டத்தின் ஓரத்திலும், அன்று மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே என்ன பூத்திருந்தது என்று ஒரு வரி இருந்தது. தட்டச்சுப் பிரதியில் அது ஏறியதில்லையாம். தமக்காக எழுதிக்கொண்டது என்றார். கல்வி உதவி நிதியை ஏற்ற தீர்மானம் இருந்த பக்கத்தின் மேல்மூலை கிழிந்து தேதி போயிருந்தது. அது இளவேனில் கூட்டமா, இலையுதிர் காலக் கூட்டமா என்று தெரியாமல் அந்தத் தீர்மானத்தை நிதியாண்டில் பொருத்த முடியாது. ஓரத்தைப் பார்க்கச் சொன்னேன். விட்ச் ஹேசல் மஞ்சளாகப் பூத்திருக்கிறது, இலை பாதி உதிர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தது. நம் காடுகளில் தானாக வளரும் அந்தச் செடி, மற்றவை எல்லாம் ஓய்ந்த பிறகு இலையுதிர் காலத்தில் பூப்பது என்பதை இந்தக் கழகத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வங்கி இருப்புப் பட்டியலில் அந்த அக்டோபரைத் தேடினோம். நன்கொடைத் தொகை அங்கே இருந்தது. கணக்காளர் இதைக் கேட்டுச் சிரித்தாலும், வங்கிப் பட்டியலைக் கண்டதும் ஒப்புக்கொண்டார்.

அந்தத் தீர்மானம் கிடைக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருவர் தோட்டக்கலை படிக்கும் மாணவர்களுக்கென்று கொடுத்த பணத்தை வாடகைக்கோ மாநாட்டுச் செலவுக்கோ எடுக்கக்கூடாது என்பதை நிலைநாட்டும் ஒரே எழுத்து அதுதான். கொடுத்தவர் இன்று இல்லை. அவருடைய விருப்பம் அந்த ஒரு பக்கத்தில்தான் இருந்தது.

மற்றவர்களை ஒரே பத்தியில் அடக்குவதற்கு மன்னியுங்கள். கட்டணத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்ட கணக்காளருக்கும், விண்ணப்பத்தைப் படித்துத் திருத்திய வழக்கறிஞருக்கும், சிறப்புக் கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) சேரும்வரை உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்த விதி ஆலோசகருக்கும், செடி விற்பனை வருவாயை அப்படியே அனுப்பிய கிளைகளுக்கும், பயணப்படியை வாங்க மறுத்த மலர்க் கண்காட்சி நடுவர்களுக்கும், கடுமையான கேள்விகளைத் தாமே எதிர்கொண்டு எங்களை வேலை செய்யவிட்ட தலைவருக்கும் என் நன்றி. கேள்வி கேட்டவர்களுக்கும்தான், அவர்கள் கேட்டிருக்காவிட்டால் இது இன்னும் ஓராண்டு தெரியாமல் கிடந்திருக்கும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. தொடர்ந்து 3 ஆண்டுகள் ஆண்டறிக்கை தாக்கல் செய்யாத அமைப்பின் வரிவிலக்கு தானாகவே நீங்கிவிடும் என்ற சட்டத்தின்படி, 2011 ஜூனில் முதல் பட்டியல் வெளியானபோது அதில் ஏறத்தாழ 2,75,000 அமைப்புகள் இருந்தன. அவற்றில் பல முன்பே கலைந்து போனவை. ஆனால் நம்மைப்போல் உயிரோடு இயங்கிக்கொண்டே அந்தப் பட்டியலில் ஏறும் சங்கங்களும் உண்டு, காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: பொறுப்பாளர்கள் மாறுகிறார்கள், அஞ்சல் பழைய பொறுப்பாளரின் முகவரிக்கே போய்க்கொண்டிருக்கிறது. நிர்வாகக் குழுவுக்கு வருபவர் எவரும் படிவம் நிரப்புவதற்காகத் தோட்டக் கழகத்தில் சேர்ந்தவரல்லர். ரோஜாவுக்காகவோ, பள்ளிப் பிள்ளைகளுக்கு விதை நடக் கற்றுக்கொடுப்பதற்காகவோ, படைவீரர்களைப் போற்றும் நெடுஞ்சாலையோர நீல நட்சத்திர நினைவுப் பலகைகளைப் பராமரிப்பதற்காகவோ வந்தவர்கள். ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது. 1891இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் இந்நாட்டின் முதல் தோட்டக் கழகத்தைத் தொடங்கிய பெண்களைப் பற்றி இன்று பேச முடிகிறது என்றால், அவர்கள் வளர்த்த செடிகளைவிட விட்டுச்சென்ற பதிவுகளே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பொருளாளர் பொறுப்பில் இருக்கும்வரை சிலவற்றைச் செய்வதாக உறுதி கூறுகிறேன். நிதியாண்டு முடிந்த ஐந்தாவது மாதத்தின் 15ஆம் நாள் என்ற தாக்கல் கெடு, அதற்கு முந்தைய ஒவ்வொரு குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெறும். தாக்கல் செய்ததற்கான ஒப்புகை என் சொல்லாக அல்லாமல் நகலாகவே குழுவின் முன் வைக்கப்படும். கழகத்துக்கு வரும் அஞ்சல் இனி எவருடைய வீட்டு முகவரிக்கும் போகாது. குறிப்பேடுகளின் நகல்கள் இரண்டு இடங்களில் இருக்கும். தற்போதைய பதிவுச் செயலாளரிடம் பேசிவிட்டேன்: ஓரக் குறிப்பு எழுதும் வழக்கத்தை அவர் தொடரப்போகிறார், பிரதியில் ஏற்றாமல்.

முன்னாள் செயலாளரின் குறிப்பேடுகளில் வாசிக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. மாலை அழைப்புகளை நிறுத்த வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சுருக்கெழுத்து தெரிந்தவர் எந்தக் கிளையிலாவது இருந்தால், முன்னாள் செயலாளரின் கண்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும்படி, உங்கள் மாவட்ட இயக்குநரிடம் சொல்லி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
பொருளாளர்,
மாநிலத் தோட்டக் கழக நிர்வாகக் குழு