பதினேழாம் எண் வன்னி

ஜோத்பூர்
வியாழன் இரவு

அன்புள்ள முருகேசா,

எட்டு மாதமாக வாயைத் திறக்காதவன் திடீரென்று கடிதம் எழுதுகிறானே, பணம் கேட்கப்போகிறானோ என்று பயப்படாதே. கேட்கப்போவது மண். அது கடைசியில்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் மகள் அரையாண்டில் முதலாவதாக வந்தாள் என்று ராசு சொன்னான். அவன் சொல்வதில் பாதியைக் கழித்தாலும் சந்தோஷம்தான். இங்கே எல்லோரும் நலம். குளிரைப் பற்றிப் புலம்ப மாட்டேன். 2016 மே மாதம் இந்தப் பக்கத்துப் பலோடியில் 51 டிகிரி அடித்தபோது இதே குளிருக்கு ஏங்கியவன் நான்.

விஷயம் இதுதான். என் பதினேழாம் எண் மரத்தை வெட்டிவிட்டார்கள்.

ஒரு மரத்துக்கா இவ்வளவு என்பாய். கரிமூட்டம் போடுகிறவன் வேறெப்படிக் கேட்பாய்? ஆனால் இது உன் மூட்டத்தில் வேகிற சீமைக்கருவேலம் இல்லைடா, வன்னி. இங்கே கேஜ்ரி என்பார்கள். விருத்தாசலத்துக்குப் போனபோது அம்மா சுற்றிச் சுற்றி வந்தார்களே, அதே மரம். உன் கருவேலமும் இதுவும் ஒரே பேரினம் என்றுதான் நாம் படித்தோம். 2022-இல் தாவரவியல்காரர்கள் பாகப்பிரிவினை செய்து கருவேலத்தைத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு கூத்து கேள். அந்தக் கருவேலத்தை 1940-இல் ஜோத்பூர் சமஸ்தானம் ராஜ மரியாதை கொடுத்து 'அரச மரம்' என்று அறிவித்தது. எந்த அரசமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்களோ!

சரி, மரத்துக்கு வருகிறேன். இங்கே கம்பங்கொல்லைக்கு நடுவில் வன்னியை வெட்டாமல் விட்டுத்தான் உழுவார்கள். மற்ற மரத்தடியில் பயிர் சோனியாக நிற்கும். வன்னியடியில் கம்பு செழித்து நிற்கும். வேர் 30 மீட்டருக்கும் கீழே போகிறது, அதனால் மேல்மண்ணின் ஈரத்துக்குக் கம்போடு சண்டை போடுவதில்லை. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கிறது, உதிர்ந்த இலை மட்கி எருவாகிறது. கார்த்திகை, மார்கழியில் கிளை கழித்து இலையை ஆட்டுக்குப் போடுவார்கள், அதற்கு லூங் என்று பெயர். பிஞ்சுக் காய் சாங்ரி. அதைக் காயவைத்துக் கேர் காயோடு சமைப்பார்கள். நீ வந்திருந்தபோது மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கொத்தவரங்காய் வற்றல் என்று சாதித்தாயே, அதுதான்.

ஆறு வருடமாக அந்த மரத்தடி மண்ணை எடுக்கிறேன். அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர், மூன்று மீட்டர், ஆறு மீட்டர், அப்புறம் வெட்டவெளி. அருகில் எடுத்த மண் கொஞ்சம் கறுத்து, கையில் பிடித்தால் அரை நொடியாவது பிடியில் நிற்கும். வெட்டவெளி மண் விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி ஓடிவிடும். ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைக்கிற எண்களும் இதைத்தான் சொல்கின்றன, நீட்டி முழக்கி.

போன செவ்வாய் இந்த வருடத்து மண்ணெடுக்கப் போனேன். மரம் நின்ற இடத்தில் மரம் இல்லை. மண் சமமாக இருந்தது. வெட்டியதை அங்கேயே குழி தோண்டிப் புதைத்து, டிராக்டர் விட்டு நிரவியிருக்கிறார்கள். காலால் கிளறியபோது மரத்தூள் வந்தது, இன்னும் ஈரம் காயாமல். அப்புறம் நான் ஆணியடித்து மாட்டிய அலுமினியத் தகடு, '17' என்று போட்டது, இரண்டாக மடங்கிக் கிடந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், வெட்டவெளி மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

சூரிய மின்சாரத்துக்காம். இரவில் வந்து அறுத்தார்கள் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். 1955-இல் எழுதிய சட்டத்தில் இதற்கு வைத்த அபராதம் 100 ரூபாய். 1730-இல் இதே ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லி கிராமத்தில், ராஜாவின் ஆட்கள் சுண்ணாம்புச் சூளைக்கு வன்னி வெட்ட வந்தபோது, பிஷ்னோய் சமூகத்து மக்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்று 363 பேர் செத்தார்கள். அந்த ஊரைத் தாண்டித்தான் நான் காய்கறி வாங்கப் போகிறேன்.

மரம் நின்ற நிலத்துக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கிணறு வற்றிவிட்டது, இரண்டு மகன்களும் சூரத்தில். "டாக்டர் சாப், மழை ஏமாற்றும், குத்தகைப் பணம் ஏமாற்றாது" என்றார். என்ன பதில் சொல்வது? சூரிய மின்சாரம் வேண்டாமென்று சொல்லும் வாயும் எனக்கில்லை. என் வீட்டு மாடியிலேயே தகடு போட்டிருக்கிறேன். உங்கள் கமுதியில் 648 மெகாவாட் வந்தபோது "அடடா" என்று உனக்கு எழுதியவனும் நான்தான். இடமா இல்லை இங்கே? மரமே இல்லாத கல்தரை மைல் கணக்கில் கிடக்கிறது.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். நாலு வருடம் முன்பு ஓர் அலுவலகத்துக்காக இதே நிலத்தின் விவரப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். நில வகை என்ற இடத்தில் பாசனம், மானாவாரி, தரிசு என்று மூன்றுதான் இருந்தது. அந்த வருடம் மழை பொய்த்து விதைக்கவில்லை. 'தரிசு' என்று போட்டேன். மரங்களை எழுத அதில் இடமே இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. ஜீப் காத்திருந்தது, பசி வேறு. என் ஒரு சொல்லால்தான் மரம் போனது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் என் கையெழுத்தில் இருக்கிறது முருகேசா.

இன்று காலை கீச்சன் பக்கம் போனேன். குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கும் குர்ஜா நாரைகள் மேலே கத்திக்கொண்டு போயின, மின்கம்பிக்கு மேலாகவே. அண்ணாந்து பார்த்தபடி, கடைசிப் பறவை தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வயதாகிவிட்டது எனக்கு.

இப்போது மண். உன் ஊர்ப் பக்கம் எந்தக் கோயிலிலாவது பழைய வன்னி இருந்தால், குருக்களிடம் சொல்லிவிட்டு, அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு சாண் ஆழம்வரை இரண்டு கிலோ எடு. எண்ணெய், திருநீறு கொட்டுகிற பக்கம் வேண்டாம். அதே ஆழத்துக்கு வெட்டவெளியில் இன்னொரு இரண்டு கிலோ. நிழலில் உலர்த்தி, தனித்தனித் துணிப்பையில் கட்டி, எது எது என்று எழுதி அனுப்பு. பையில் கரித்தூள் பட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன்
சுந்தரம்