நவம்பர் விளக்கு ஊர்வலத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் கடைசி ஆனால் போதும், உங்கள் இதழின் பெங்களூரு பக்கத்தில் அக்டோபர்ஃபெஸ்ட் செய்தி வந்துவிடுகிறது. எந்த ஓட்டலில் என்ன பீர், எந்த மாலில் யார் பாட்டு, டிக்கெட் எவ்வளவு என்று அரைப்பக்கம். அது வரட்டும், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விழா 1810-இல் இன்றைய ஜெர்மனியின் பவேரியா பட்டத்து இளவரசர் லுட்விக் கல்யாணத்தை ஒட்டி மியூனிக் ஊர்மக்களுக்காக நடத்திய குதிரைப் பந்தயத்தில் தொடங்கியது என்பதோ, அங்கே இன்றைக்கும் ராட்டினம், பாரம்பரிய உடை ஊர்வலம் என்று பாட்டி முதல் பேரன் வரை குடும்பமாகப் போகிறார்கள் என்பதோ இங்கே யாருக்கும் தெரியாது. கடல் தாண்டி வந்தது பீர் கோப்பை மட்டும்தான். ஜெர்மன்காரர்களின் இன்னொரு விழாவும் இப்போது மெல்ல இந்த ஊருக்குள் வருகிறது, அதுவும் இப்படி அரைகுறையாக வந்து நின்றுவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். கணவர் வேலைக்காக நாங்கள் ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் இருந்தபோதுதான் இதைப் பார்த்தோம். ரைன் ஆற்றங்கரை ஊர்களில் இதற்குத் தனி மவுசு. அக்டோபரிலேயே பாலர் பள்ளிகளில் பிள்ளைகள் காகித விளக்கு செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நாளை ஒட்டி ஒரு சாயங்காலம் (அந்த மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும்) தெருவை மறித்துவிட்டு, ரோமானியப் படைவீரன் போலத் தலைக்கவசமும் சிவப்பு அங்கியுமாக ஒருவர் குதிரையில் முன்னே போக, பின்னால் ஊதுகுழல் வாத்தியம், அதற்குப் பின்னால் குச்சியில் விளக்கைத் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகள். கடைசியில் ஒரு திடலில் பெரிய நெருப்பு மூட்டியிருப்பார்கள், கிட்டத்தட்ட நம் சொக்கப்பனைதான். நெருப்புக்குப் பக்கத்தில் கிழிந்த உடையோடு ஒருவர் குளிரில் நடுங்கி உட்கார்ந்திருப்பார். குதிரைக்காரர் வாளை உருவித் தன் அங்கியை இரண்டாக அறுத்துப் பாதியை அவர் தோளில் போடுவார். அதுவரை கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த நேரத்தில் மூச்சு விடாமல் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஆளுக்கு ஒரு மனித உருவ ரொட்டி, கண்ணுக்கு உலர்திராட்சை, அதன் கையில் வெள்ளைக் களிமண் சுங்கான். அதோடு முடியாது, வீடு வீடாகப் போய்ப் பாடி மிட்டாய் வாங்குவார்கள்.

மார்ட்டின் நான்காம் நூற்றாண்டுக்காரர். ரோமானியப் படையில் இருந்தபோது இன்றைய பிரான்சின் ஆமியன் நகர வாசலில் ஒரு பிச்சைக்காரருக்கு இப்படிப் பாதி அங்கியைக் கொடுத்தார் என்பது கதை. பிற்பாடு தூர் நகரத்து ஆயர் ஆனார், 397-இல் காலமானார், அவரை அடக்கம் செய்த நாள்தான் நவம்பர் 11. அந்த நாள் வேளாண்மைக் கணக்கு முடிக்கிற நாளாகவும் இருந்திருக்கிறது. குத்தகை கட்டுவது, பண்ணையாட்கள் கூலி வாங்கிக்கொண்டு வேறு இடம் போவது எல்லாம் அன்றைக்குத்தான். குத்தகையை கூஸ் என்கிற பெரிய வாத்தாகக் கொடுப்பதும் உண்டு, இன்றும் பல வீடுகளில் அன்று அந்த வாத்து வறுவல்தான். கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1483 நவம்பர் 10-இல் பிறந்து மறுநாள் ஞானஸ்நானம் பெற்றதால்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது.

பெங்களூரு திரும்பிய பிறகு, ஒயிட்ஃபீல்ட் பக்கம் எங்கள் குடியிருப்பில் எங்களைப்போல ஜெர்மனியில் இருந்து வந்த சில குடும்பங்களும் இங்கே வேலைக்கு வந்த ஜெர்மன் குடும்பங்களும் சேர்ந்து இதை ஆரம்பித்தோம். விளக்குக்குச் செலவே கிடையாது. பலூனை ஊதிக் கட்டி, பட்டம் காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, மைதா பசையில் தோய்த்து நாலைந்து அடுக்கு ஒட்ட வேண்டும், மேலே வாய் மட்டும் விட்டுவிட வேண்டும். நவம்பர் தூறலில் காய நாளாகும், அவசரப்பட்டு ஃபேனுக்கு அடியில் வைத்தால் ஒரு பக்கம் சுருங்கிவிடும். நன்றாகக் காய்ந்ததும் ஊசியால் பலூனைக் குத்தினால் அது காகிதத்தை விட்டுப் பிரிந்து வரும், உள்ளே ஒரு சின்ன பேட்டரி பல்பு, கம்பி வளையம், மூங்கில் குச்சி, அவ்வளவுதான். குதிரைக்குப் பதில் ஒரு பெரிய பையன் சைக்கிளில் வருவான். சிவப்பு அங்கியை முன்கூட்டியே இரண்டாக வெட்டி வெல்க்ரோ வைத்துத் தைத்துவிடுவோம், வாள் பட்டால் சர்ரென்று பிரியும்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், நமக்குக் கார்த்திகை தீபம் இருக்கும்போது வெளிநாட்டு விழா எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மார்ட்டினே ஜெர்மன்காரர் இல்லை. இன்றைய ஹங்கேரியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். எந்த ஊர்க்காரர் என்று கேட்காமல்தான் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். மதம் பற்றிய பேச்சு ஜெர்மனியிலும் வந்தது. வேறு மதத்துப் பிள்ளைகளும் வருகிறார்களே, மார்ட்டின் பெயரை எடுத்துவிட்டு சூரியன், சந்திரன், நட்சத்திர விழா என்று வைத்துவிடலாமே என்று 2013-இல் ஒரு யோசனை கிளம்பி, அங்கே பெரிய விவாதம் ஆனது. பெயர் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளும் துருக்கி, சிரியா நாட்டுப் பிள்ளைகளோடு அந்த ஊர்வலத்தில் நடந்தவர்கள்தான். கார்த்திகைக்கு இது போட்டியும் இல்லை. விளக்கோடு பிள்ளைகள் நடப்பதைப் பார்த்துவிட்டு, விழுப்புரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஆண் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவே கட்டி நெருப்பு வைத்து மாவலி சுற்றியதை உட்காரவைத்துச் சொன்னார். அந்த வருடக் கார்த்திகைக்கு ஊரிலிருந்து வரவழைத்துச் சுற்றியும் காட்டினார். இங்கே பிறந்த பிள்ளைகள் அன்றுதான் மாவலியை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

எனக்கு உண்மையாகவே வலித்தது வேறு ஒன்று. எங்கள் மதிலுக்கு வெளியே கட்டுமானத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள் இருக்கின்றன. இந்த ஊர் நவம்பர் குளிரில் தகரத்துக்குக் கீழே படுப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே இருக்கும் பிள்ளைகளும் விளக்கு செய்து எங்களோடு நடக்கட்டும் என்று கேட்டோம். வெளியாட்களை உள்ளே விட முடியாது என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. பாதுகாப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதி அங்கியைக் கொடுத்தவருடைய விழாவில் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளேயே சுற்றிச் சுற்றி வருவதற்குப் பெயர் மார்ட்டின் நாள் இல்லை, போட்டோ எடுக்கிற நாள். அதனால் நாங்கள் ஊர்வலத்தையே வெளியே கொண்டுபோனோம். இப்போது கொட்டகைத் தெருவில் ஆரம்பித்துப் பூங்கா வரை நடக்கிறோம், ஒரியா, வங்காளம், தெலுங்கு, தமிழ் எல்லாப் பாட்டும் உண்டு. வீட்டில் இருக்கும் நல்ல ஸ்வெட்டர், போர்வைகளை முந்தைய வாரமே சேர்த்து, பெரியவர்கள் மட்டும் போய் அமைதியாகக் கொடுத்துவிட்டு வருகிறோம். பிள்ளைகள் கையால் கொடுக்கவைத்துப் படம் எடுப்பதில்லை என்பதில் எல்லோரும் கண்டிப்பாக இருக்கிறோம். அடுத்த வருடமாவது சங்கம் கேட்டைத் திறக்கும் என்று நம்புகிறேன், கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.

என் உறவினர் பிள்ளை படிக்கும் பாலர் பள்ளியில் இப்போது விளக்கு மட்டும் செய்கிறார்கள். பகல் பதினோரு மணிக்கு வகுப்பறையில் வைத்துப் படம் எடுத்து முடித்துவிடுகிறார்களாம், மார்ட்டின் யார் என்று யாரும் சொல்லவில்லையாம். தயவுசெய்து கதையையும் சொல்லிக்கொடுங்கள், இருட்டில் நடக்கவிடுங்கள். குடியிருப்புச் சங்கங்களும் அந்த ஒரு மணி நேரம் வளாகத்து ஃப்ளட் லைட்டுகளை அணைத்து உதவலாம், அத்தனை வெளிச்சத்தில் காகித விளக்கு கண்ணுக்கே தெரிவதில்லை.

உங்கள் சிறுவர் பக்கத்தில் நவம்பர் முதல் வாரம் இந்த விளக்கு செய்முறையைப் போட்டால் மிகவும் உதவியாக இருக்கும், கூடவே மாவலி பற்றியும் போட்டால் இன்னும் சந்தோஷம். எங்கள் பிள்ளைகள் செய்முறையைப் படம் வரைந்து தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள், கேட்டால் அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒயிட்ஃபீல்ட், பெங்களூரு