மூன்றாம் ஆண்டுப் பாடத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இயற்பியல் பட்டமா, கணிதமும் அறிவியலும் சேர்ந்த பட்டமா என்று கேட்கும் மாணவர்களிடம், "ரெண்டும் ஒண்ணுதான்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். முதலாம் ஆண்டில் அப்படித்தான் தெரியும். நுண்கணிதமும் இயக்கவியலும் பெரும்பாலும் இரண்டிலும் வரும். மூன்றாம் ஆண்டுப் பாடப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல் எல்லாம் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? ஆய்வகம் எத்தனை பருவம்? சேர்ப்புப் பட்டத்தில் அடிபடுவது பெரும்பாலும் ஆய்வகம்தான். ஊசலை ஆட்டி ஈர்ப்பு முடுக்கத்தை அளக்கும்போது 9.8-க்குப் பதில் 9.5 வரும். நூலின் நீளத்தை குண்டின் மையம் வரை அளந்தோமா, அலைவை எண்ணியதில் ஒன்று தவறிவிட்டதா என்று தேடும் பழக்கம் கரும்பலகையில் வராது.

அதற்காகக் கணிதத்தை ஓரம் கட்டவும் முடியாது. 1925-இல், குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளமிட்ட இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் கட்டுரையில் வந்த வினோதமான பெருக்கல், அணிகளின் (எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய matrix) பெருக்கல்தான் என்று அடையாளம் கண்டவர், கணிதம் நன்கு பழகிய இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன். ஹைசன்பர்க்குக்கு அப்போது அணிகள் பழக்கமில்லை!

எந்தப் பக்கம் போவது என்று இன்னும் பிடிபடாதவர்களுக்குச் சேர்ப்புப் பட்டம் தோதானது. ஆசிரியப் பணிக்கும் தரவுப் பகுப்பாய்வுக்கும் உதவும். இயற்பியலில் முதுகலை, ஆய்வு என்று எண்ணம் உள்ளவர்கள் மட்டும், அந்த முதுகலைக்குக் கேட்கும் தகுதிகளை இப்போதே படித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரிகளும் சேர்க்கைக் கையேட்டில் கட்டடப் படங்களைக் குறைத்து, ஆய்வக நேரத்தை அச்சிடலாமே?

- இயற்பியல் ஆசிரியர் ஒருவர்